ஊவா மலைக்கு எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் வேண்டும்?

தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிய கட்டடங்கள் கேட்கிறோம். அவற்றை மலையின் மண்ணும் மழையும் காற்றும் வெயிலும் அறிந்து கட்டுவதற்கான பாடங்கள் ஊவாவின் பதுளை மாவட்டத்திலேயே இருக்கின்றன.

2017 டிசம்பர் நடுப்பகுதியில், இலங்கைத் தேயிலையில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா அதன் இறக்குமதியை நிறுத்தியது. அதே நாட்களில் இலங்கை அரசு இன்னொரு முடிவைச் செயல்படுத்தத் தயாராகிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது என்பதே அந்த முடிவு. இலங்கைக்கு வரும் அஸ்பெஸ்டஸில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருவது. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது.

தேயிலை தப்பியது. அந்தத் தேயிலையைப் பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளின் மேல் அஸ்பெஸ்டஸ் கூரை அப்படியே தங்கிவிட்டது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. தகட்டை வெட்டும்போதும் துளையிடும்போதும் அது உடையும்போதும் கிளம்பும் நுண்ணிழைதான் ஆபத்து. புயல் காற்றில் கூரை பெயரும் மலைநாட்டில் தகடு உடையாமல் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தோட்டப் பிள்ளைகள் எங்கே, எதன் கீழ் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். 1920-ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் வைத்தது. பல தோட்டங்களில் அந்தக் கல்வி ஒரே மண்டபத்துக்குள், ஒரே ஆசிரியரிடம், எல்லா வகுப்புகளும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதாகவே இருந்தது. 1970-களில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அதன் பின்னர் கட்டடங்கள் வந்தன. அவை பெரும்பாலும் நாடு முழுவதற்கும் பொதுவாக வரையப்பட்ட கட்டடங்கள்.

ஒரே வரைபடம், வெவ்வேறு மலைகள்

அரசுப் பாடசாலைக் கட்டடத்தை அதன் அளவைச் சொல்லியே குறிப்பிடுவது இங்கே வழக்கம். ‘நூறுக்கு இருபத்தைந்து’ என்றால் அதிபருக்கும் தெரியும், ஒப்பந்தகாரருக்கும் தெரியும். நீண்ட மண்டபம், இருபுறமும் அரைச்சுவர், மேலே கம்பி வலை அல்லது திறந்த வெளி, அதற்கு மேல் கூரை. கடலோர வெக்கைக்கு இது நல்ல கட்டடம். காற்று தாராளமாகப் புகும், வெப்பம் தேங்காது.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. ஒரே மாவட்டத்துக்குள், பேருந்தில் சில மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரத்தில், காலநிலை மாறிவிடுகிறது. ஏப்ரல் நண்பகலில் பதுளை வகுப்பறைக்குக் காற்று வேண்டும். டிசம்பர் காலையில் அப்புத்தளை வகுப்பறைக்குக் காற்றிலிருந்து காவல் வேண்டும்.

மழையும் மேற்குச் சரிவைப் போல இங்கே பெய்வதில்லை. ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெருமழை. தென்மேற்குப் பருவத்தில் மத்திய மலைத்தொடர் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்றே வீசுகிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசம் அந்தக் காற்றில் உருவாவது. தேயிலைக்கு வாசம் தரும் அதே காற்று அரைச்சுவர் வகுப்பறைக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மார்கழியில் அதே திறந்த வெளி வழியே சாரல் உள்ளே வந்து கொப்பிகளை நனைக்கிறது. சாரலுக்குப் பயந்து தகரத்தையோ பலகையையோ அடித்து மறைத்தால் அறை இருண்டுவிடும். பட்டப்பகலில் மின்குமிழ் எரிய வேண்டும். மலைக்குப் பொருந்தாத கட்டடத்தின் மின்கட்டணம் இப்படித்தான் தொடங்குகிறது.

பாடசாலைக்கென்று ஒரு நேர ஒழுங்கும் உண்டு. காலை ஏழரைக்குத் தொடங்கி பிற்பகல் ஒன்றரைக்கு முடிகிறது. மாலை வெயிலும் இரவுக் குளிரும் அந்தக் கட்டடத்துக்குப் பெரிய பொருட்டல்ல. உயர்ந்த மலையில் இருக்கும் வகுப்பறைக்குத் தேவை காலை வெயிலும் காலை வெளிச்சமும்தான். கிழக்கு வெயிலை ஒதுக்க வேண்டும் என்பது சமவெளிக் கட்டடக்கலையின் பாலபாடம். அப்புத்தளையில் அதைத் தலைகீழாக்கி, கிழக்கையும் தென்கிழக்கையும் நோக்கி ஜன்னல் வைக்க வேண்டும். பசறையிலோ லுணுகலையிலோ அப்படி வைக்க முடியாது. அங்கே நீளச்சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும், கூரை நன்றாக வெளியே நீண்டு நிழல் தர வேண்டும்.

லடாக்கின் ஷே கிராமத்தில் ட்ரக் வெள்ளைத் தாமரைப் பாடசாலையை வரைந்த ஆரூப் நிறுவனம் இதைத்தான் செய்தது. வகுப்பறைகள் காலைச் சூரியனைப் பிடிக்கும்படி தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திருப்பப்பட்டன. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கனத்த சுவர் பகலில் வெப்பத்தைச் சேர்த்து இரவில் மாணவர் விடுதிக்குத் தருகிறது. ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தில் வந்த பள்ளி என்று பலருக்கு அதைத் தெரிந்திருக்கும். லடாக்கின் உறைகுளிர் ஊவாவில் இல்லை. ஆனால் சூரியன் எங்கே எழுகிறது என்று பார்த்துவிட்டுச் சுவரை வைக்கும் அந்த ஒழுங்கு இங்கேயும் அப்படியே செல்லும், அதற்கு மேலதிகச் செலவும் இல்லை.

முதலில் நிலம்

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவு. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். வீடும் பெற்றோரும் மண்ணுக்கடியில். உயிர் பிழைத்த குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டது கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் இருந்த தமிழ்ப் பாடசாலைகளில். மீரியபெத்தை ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி மக்களிடம் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மீண்டும் பாடசாலைகள் முகாம்களாயின.

ஆகவே மலையகத்தில் பாடசாலை கட்டுவது, ஊரின் கடைசிப் புகலிடத்தையும் சேர்த்துக் கட்டுவதுதான். எந்தச் சுவர், எந்தக் கூரை என்ற பேச்சுக்கு முன்பே எந்த நிலம் என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பதில் சொல்லும் அறிவு பதுளைக்குப் புதிதல்ல. 1986 ஜனவரியில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நிகழ்ந்த மண்சரிவுகளுக்குப் பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு ஆய்வில் இறங்கியது. 1990-ல் தொடங்கிய மண்சரிவு அபாய வரைபடப் பணியும் முதலில் இந்த இரண்டு மாவட்டங்களில்தான் நடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரைபடம் இருக்கிறது. புதிய பாடசாலைக் கோப்பின் முதல் தாளாக அது இருக்க வேண்டும்.

நிலம் கிடைத்த பிறகு செய்யும் முதல் தவறு, மலையை வெட்டித் தரையைச் சமப்படுத்துவது. நூறடி நீளக் கட்டடத்தைச் சரிவில் வைக்க வேண்டுமென்றால் மலையின் அடியை ஆழமாக வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய முகம் தாங்கும் பிடியை இழந்து நிற்கும். மழைநீர் அதற்குள் இறங்கும்போது மண் நகரும். இதற்கு மாற்று எளியது. ஒரே நீளக் கட்டடத்துக்குப் பதிலாக இரண்டிரண்டு வகுப்பறைகள் கொண்ட சிறு கட்டடங்களை மலையின் சமவுயரக் கோட்டை ஒட்டிப் படிப்படியாக அமைக்கலாம். அவற்றை இஸ்தோப்பும் மூடிய படிக்கட்டும் இணைக்கும். வெட்டும் மண்ணின் அளவு பல மடங்கு குறையும், பெரிய தாங்குசுவர்களின் செலவும் குறையும்.

கட்டடத்துக்கு மேற்புறம் மழைநீரைத் திருப்பும் கான் வேண்டும். மலசலகூடக் குழியின் நீர் சரிவுக்குள் ஊறாதபடி இடம் பார்க்க வேண்டும். கான் வெட்டுவதும் கல்லடுக்கிக் கட்டுவதும் தோட்ட மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலைகளல்ல. ஒன்றரை நூற்றாண்டாக இந்தச் சரிவுகளில் தேயிலையின் அடிமண் கழுவிப் போகாமல் காத்தது அவர்களுடைய கைகள்தான்.

மண்ணில் எழும் சுவர்

ஒரு கட்டடம் உண்ணும் சக்தியில் கணிசமான பங்கு, அதில் முதல் மின்குமிழ் எரிவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. சீமெந்துச் சூளை, செங்கல் சூளைக்கான விறகு, கம்பி, இவற்றையெல்லாம் மலையேற்றும் லொறியின் டீசல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பதுளைத் தோட்டமொன்றின் கடைசி டிவிஷனுக்குப் பொருள் கொண்டுபோகும் செலவு தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மணற்பாங்கான செம்மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்து சேர்த்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் மண்கல்லுக்குச் சூளை தேவையில்லை. நீரூற்றிப் பதப்படுத்தினால் போதும். ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் இந்தத் தொழில்நுட்பத்தைப் பரப்பி வருகிறது. அங்கே உருவான ஆரம் இயந்திரம் இலங்கைக்கும் வந்தது. இலங்கைத் தரக்கட்டளை நிறுவனம் இந்தக் கற்களுக்கென்றே எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. ‘மண்ணால் கட்டினால் கரைந்துவிடும்’ என்று சொல்கிறவர்கள் துல்கிரியவில் 2008-ல் திறக்கப்பட்ட துருலி ஆடைத் தொழிற்சாலையைப் பார்க்கலாம். அதன் சுவர்களில் இவ்வகை மண்கற்கள் இருக்கின்றன. லீட் என்ற அமெரிக்கப் பசுமைத் தரச்சான்றின் உயர்ந்த படியான பிளாட்டினத்தை அது பெற்றது.

அம்பேபுஸ்ஸவில் இருக்கும் சமூக நூலகம் பாடசாலைக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி. கட்டடக் கலைஞர் மிலிந்த பத்திராஜவும் கங்கா ரத்நாயக்கவும் நடத்தும் ரோபஸ்ட் ஆர்க்கிடெக்சர் வேர்க்‌ஷொப் வரைந்தது அது. போருக்குப் பின் இளம் இராணுவத்தினருக்குக் கட்டடத் தொழில் பழக்குவதற்காகவே அந்தக் கட்டடம் எடுக்கப்பட்டது. சுவர்கள் இடித்து இறுக்கிய மண்ணால் ஆனவை. சரிவில் மலையை அதிகம் குடையாமல் நீண்டு வளைந்து நிற்கிறது. 2015-ல் உலக அளவிலான ஹோல்சிம் விருதில் வெள்ளி பெற்றது. கட்டடம் முடிந்தபோது அதைக் கட்டியவர்களின் கையில் ஒரு தொழிலும் இருந்தது.

தோட்டங்களில் இதன் பொருள் பெரிது. தோட்ட வேலைக்குப் போக விரும்பாமல் கொழும்புக் கடைகளுக்குப் பேருந்தேறும் இளைஞர்கள் பதுளையில் நிறையப் பேர். ஒரு பாடசாலைக் கட்டடம் நாற்பது பேருக்கு மண்கல் அழுத்தவும், சுவர் கட்டவும், மழைத்தொட்டி பூசவும் கற்றுக்கொடுத்தால், அடுத்து எழும் தனிவீடுகளுக்கு மேசன்மார் தோட்டத்திலேயே இருப்பார்கள்.

செங்கல்தான் வேண்டும் என்றால் அதற்கும் சிக்கனம் இருக்கிறது. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் நெட்டாக நிறுத்தப்படுகின்றன. சுவருக்குள் காற்றுக் கூடு உருவாகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று குளிரையும் வெப்பத்தையும் தடுக்கிறது. கம்பியில்லாமல் செங்கல்லும் கல்லும் சீமெந்தும் மட்டும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு, 1921 முதல் ரயிலைச் சுமக்கும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் பதுளை மாவட்டத்திலேயே சான்றாக நிற்கிறது.

தொழிற்சாலைக்குக் கிடைத்த காற்று

தோட்டத்தில் காற்றை அறிந்து கட்டப்பட்ட கட்டடம் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாடவைக்கக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அதற்காக மேல்மாடிகளில் இருபுறமும் வரிசையாக ஜன்னல்கள் வைத்தார்கள். காற்றோட்டமான மேட்டைத் தேடி இடம் பிடித்தார்கள். 1890-ல் லிப்டன் அமைத்த தம்பேதன்னைத் தொழிற்சாலையை அப்புத்தளையில் இன்றும் பார்க்கலாம். அதே காலத்து லயத்தில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு பக்கம் மட்டுமே வாசல், பின்பக்கம் ஜன்னல் கிடையாது. இலைக்குக் கிடைத்த காற்றும் வெளிச்சமும் மனிதருக்குக் கிடைக்கவில்லை. புதிய பாடசாலையில் அவை பிள்ளைகளுக்குக் கிடைத்தாக வேண்டும்.

இருபக்கமும் ஜன்னல் வைத்தால் இருபத்தைந்து அடி அகல வகுப்பறையின் நடுவரிசைக்கும் பகல் வெளிச்சம் எட்டும். ஜன்னலை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியைக் காற்றுக்காலத்தில் மூடிவைக்கலாம். கூரைக்கு அருகே உள்ள மேல்பகுதி கண்ணாடியாகத் திறந்து மூடும்படி இருந்தால் குளிர்நாளிலும் அறை இருளாது. பிள்ளைகளின் மூச்சுப் புழுக்கமும் வெளியேறும். உள்சுவருக்கு வெள்ளை பூசினாலே வெளிச்சம் கூடும்.

தகரக் கூரைக்குக் கீழே பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு இன்னொரு துன்பம் தெரியும். மழை பிடித்தால் குரல் கேட்காது, பாடம் நின்றுவிடும். வெயில் ஏறினால் தலை காயும். மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில் தன் ஊரான காந்தோவுக்கு 2001-ல் பாடசாலை கட்டிய பிரான்சிஸ் கேரே, கூரையை இரண்டாக்கினார். கீழே மண்கற்களால் ஆன உட்கூரை, அதற்கு மேல் இடைவெளி விட்டு உயர்த்திய தகரக் கூரை. இடையில் ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். கல் அழுத்தியதும் நீர் சுமந்ததும் ஊர் மக்கள். அந்தப் பாடசாலைக்கு 2004-ல் ஆகா கான் விருது கிடைத்தது. கேரேக்கு 2022-ல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. ஊவாவில் அந்த உட்கூரை மூங்கிலாகவோ தும்புப் பலகையாகவோ தோட்டத்துச் சவுக்குப் பலகையாகவோ இருக்கலாம். வெப்பத்தோடு மழையின் இரைச்சலும் அடங்கும், அஸ்பெஸ்டஸுக்கு வேலையே இருக்காது.

கூரையில் விழும் நீர்

2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டதைத் தொடர்ந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. அத்திட்டத்தின் 120 மெகாவாட் மின்னிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பீலியையும் கிணற்றையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அந்தப் பகுதி மக்கள் கண்முன்னே கண்டார்கள்.

இதற்கும் பதுளையில் ஒரு முன்கதை உண்டு. 1995-ல் உலக வங்கி உதவியுடன் நடந்த சமுதாய நீர் வழங்கல் திட்டம், கூரைநீரைச் சேமிக்கும் முறையை இலங்கையில் அறிமுகப்படுத்தத் தெரிவு செய்த இரு மாவட்டங்கள் பதுளையும் மாத்தறையும். கம்பிவலையில் சீமெந்து பூசிய, பூசணிக்காய் வடிவிலான 5,000 லிட்டர் தொட்டிகள் அப்போதுதான் வந்தன. 2005-ல் மழைநீர் சேகரிப்புக்கெனத் தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டது.

ஒரு ‘நூறுக்கு இருபத்தைந்து’ கூரையின் பரப்பு ஏறத்தாழ 232 சதுர மீற்றர். ஆண்டு மழையை 1,500 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைத்து, ஐந்தில் ஒரு பங்கை வீணாக விட்டாலும், இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் நீர் அந்த ஒரு கூரையிலிருந்து கிடைக்கும். மலசலகூடத்துக்கும் கைகழுவவும் பாடசாலைத் தோட்டத்துக்கும் அது பேருதவி. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடுவதற்கு நீரில்லாத மலசலகூடமும் ஒரு காரணம் என்பதை எந்த ஆசிரியையும் சொல்வார். கூரைநீரைத் தொட்டியில் பிடிப்பதால் சரிவுக்குள் இறங்கும் நீரும் குறையும்.

மின்சாரம் நின்ற ஆண்டு

2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே மூடப்பட்டன. அந்த ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம்.

பகல் வெளிச்சத்தில் இயங்கும், மின்விசிறி அதிகம் தேவைப்படாத பாடசாலைக்கு மின்சாரம் வேண்டியது கணினிக்கும் திரைக்கும் சில விளக்குகளுக்கும்தான். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் நான்கு அலகு வரை தரும். மூடுபனி மலையில் அது குறையும், அதைக் கணக்கில் எடுத்தே அளவு தீர்மானிக்க வேண்டும். விடுமுறையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் வழி இலங்கையில் ஏற்கனவே உண்டு. சிறிய மின்கலத் தொகுதியொன்றும் இருந்தால், புயல் நாளில் வலையமைப்பு அறுந்தாலும் பாடசாலையில் தங்கியிருக்கும் குடும்பங்கள் கைபேசிக்கு மின்னேற்றலாம், இரவில் மலசலகூடத்துக்கு விளக்கெரியும்.

வரைபடத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மத்திய, ஊவா, சப்ரகமுவ, தென் மாகாணங்களில் ஒன்பது தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா 60 கோடி ரூபாய் நன்கொடை ஒதுக்கியிருக்கிறது. ஊவாவுக்கு அதில் ஒரு பாடசாலை. டித்வாவுக்குப் பின்னரான மீள்கட்டுமானமும் எதிரில் நிற்கிறது. எண்ணிக்கை குறைவு என்பதால்தான் ஒவ்வொரு கட்டடமும் சரியாக அமைய வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒப்பந்தகாரரைக் காண்பதற்கு முன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அபாய வரைபடத்தில் இந்தக் காணி எந்த நிறத்தில் இருக்கிறது? எத்தனை கன அடி மலை வெட்டப்படும்? காலை எட்டு மணிக்கு வெயில் எந்த மேசையில் விழும்? கூரையில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா? கூரைநீர் எங்கே போகிறது? இருநூறு பேர் மூன்று நாள் தங்கினால் மலசலகூடம் தாங்குமா? சங்கத்தில் இருக்கும் எந்தத் தாயும் தகப்பனும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. பதில் சொல்லும் கடமை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பொறியியலாளருக்கும் உண்டு. பாதுகாப்பான காணியை விட்டுக்கொடுக்கும் கடமை அரச நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் தோட்டக் கம்பனிகளுக்கு உண்டு. அதைப் பெற்றுத் தரும் கடமை மலையக அரசியல்வாதிகளுடையது.

முதல் கட்டடம் எழுந்ததும் ஓராண்டுக்கு வகுப்பறை வெப்பநிலையையும் மின்கட்டணத்தையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் மாணவர்களே குறித்து வரலாம். எட்டாம் தரத்து விஞ்ஞானம் அதற்குப் போதும். பதுளையில் 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். எங்கே குளிர் புகுந்தது, எந்த ஜன்னல் பயன்படவில்லை, எந்தக் கான் அடைத்தது என்று எழுதப்பட்ட அந்தப் பதிவேடு, ஊவாவில் அடுத்துக் கட்டும் பாடசாலையின் கேள்விமனுவோடு கட்டாயம் இணைக்கப்பட வேண்டும்.